இல்லாத குறைக்காகப் பூட்டிவைத்த விளையாட்டு: எங்கள் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மேடவாக்கத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன வாரம் எல்லா லிஃப்டிலும் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றித்தான் இந்த மடல். கிளப் ஹவுஸில் இருக்கும் பிளேஸ்டேஷன் 4-இல் இனி ‘டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்டு’ விளையாடக் கூடாது, டிஸ்க்கை அலுவலக அலமாரியில் பூட்டியாகிவிட்டது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். நான்கு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். பேய், பிசாசு வரும் விளையாட்டு. ரத்தம், வன்முறை. யாராலும் ஜெயிக்க முடியாததால் பிள்ளைகளுக்கு விரக்தி வருகிறது. கன்ட்ரோலர் பாழாகிறது. அறிவிப்பில் எழுதாத இன்னொன்றையும் செய்திருக்கிறீர்கள். பிள்ளைகள் சேர்ந்து பயன்படுத்திய யூசர் கணக்கையே அழித்துவிட்டீர்கள். பொங்கல் விடுமுறையில் தொடங்கி அவர்கள் விளையாடிச் சேர்த்த எல்லாமே அதோடு போய்விட்டது.

நான் பி பிளாக்கில் இருக்கிறேன். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒரு பொருளில் எங்கே ஓட்டை என்று தேடி எழுதிக் கொடுத்தால்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: டார்க் சோல்ஸில் குறைகள் உண்டு, நிறையவே உண்டு. நீங்கள் எழுதிய நான்கும் அந்தப் பட்டியலில் வராது. குறை சொல்லித்தான் ஒரு விளையாட்டைப் பூட்ட வேண்டும் என்றால், குறைந்தது அதில் இருக்கிற குறையையாவது சொல்லிப் பூட்டியிருக்கலாம்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன்.

பேய் விஷயம். கதை நடக்கும் இடம் லார்ட்ரான் என்ற கற்பனை நாடு. அங்கே ஒரு யுகத்தையே தாங்கி நின்ற நெருப்பு அணையப் போகிறது. சாபம் பிடித்தவர்கள் செத்தாலும் மறுபடி எழுந்துவிடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி மங்கி வெறும் கூடாகிப் போகிறார்கள். நாம் அப்படி ஒருவர். அரக்கர்கள் வருகிறார்கள், எலும்புக்கூடுகள் வருகின்றன. பிசாசைக் கும்பிடச் சொல்லி எதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் எல்லார் வீட்டு டிவியிலும் ஓடும் பேய்ப் படத்தில் இதைவிட அதிகம் இருக்கிறது, அதையும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறோம்.

வன்முறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஐரோப்பாவின் பெகி வயது வரையறையில் இந்த விளையாட்டுக்கு 16 வயது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குத் தர வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அதே டிவி ஸ்டாண்டில், காரைத் திருடி போலீஸைச் சுட்டுவிட்டு ஓடும் ஜிடிஏ 5 இன்னும் வெளியில்தான் இருக்கிறது. அதற்கு அதே பெகி 18 போட்டிருக்கிறது. அந்த டிஸ்க்கை ஆறாம் வகுப்புப் பையன்கள் எடுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பதை நேற்றுக்கூடப் பார்த்தேன். செயலாளர் சார், அது உங்கள் கண்ணில் படவில்லையா, இல்லை அதில் கார் வருவதால் பரவாயில்லையா?

கன்ட்ரோலர். இடது ஸ்டிக் தேய்ந்து, கையை எடுத்த பிறகும் ஆளை ஒரு பக்கமாக இழுக்கிறது. உண்மைதான். சங்கமே நடத்திய பொங்கல் வீடியோ கேம் கால்பந்துப் போட்டியில் காலையிலிருந்து ராத்திரி வரை அந்த ஒரே கன்ட்ரோலரை எத்தனை கை மாற்றி மாற்றித் திருகியது என்று பொருளாளர் மேடத்துக்கு நன்றாகவே தெரியும், பரிசு கொடுத்ததே அவர்தான். மறுநாளே ஸ்டிக் இழுக்க ஆரம்பித்தது. அந்தக் கன்ட்ரோலரோடுதான் பிள்ளைகள் இத்தனை மாதமும் விளையாடினார்கள். ஒரு அடி தவறினாலும் பள்ளத்தில் விழும் விளையாட்டில் அது எவ்வளவு கஷ்டம் என்பதை விளையாடிப் பார்த்தால்தான் புரியும்.

இப்போது மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். ‘யாராலும் ஜெயிக்க முடியாது.’ இதை எழுதியவர் ஒரு மணி நேரமாவது விளையாடிப் பார்த்தாரா என்பது என் முதல் கேள்வி. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். மாலை வேளையில் கிளப் ஹவுஸ் பக்கம் நடக்கிறவர்கள் காதில் “டேய், மறுபடியும் செத்துட்டேன்டா” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பயமாகத்தான் இருக்கும்.

இப்படி அவசரப்பட்டு முடிவு கட்டியதில் உங்களுக்கு முன்னால் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். டார்க் சோல்ஸுக்கு முன்பு அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், அதே ஹிடெடகா மியாசாகியின் இயக்கத்தில், ‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்ற விளையாட்டைச் செய்தது. 2009-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. சோனியில் அப்போது உலக அளவில் விளையாட்டு ஸ்டுடியோக்களைப் பார்த்துக்கொண்ட ஷுஹெய் யோஷிடா, கிட்டத்தட்ட முடிந்திருந்த வடிவத்தை இரண்டு மணி நேரம் போல விளையாடிப் பார்த்தார். தொடக்க இடத்தைத் தாண்ட முடியவில்லை. ரொம்ப மோசமான விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை வெளியிட சோனி முன்வரவில்லை. அமெரிக்காவில் அட்லஸ் என்ற வேறொரு கம்பெனி வெளியிட்டது, பேர் வாங்கியது. அது தப்பான முடிவு என்று யோஷிடாவே பிற்பாடு பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். 2011-இல் டார்க் சோல்ஸ் வந்தது. பத்து வருடம் கழித்து 2021-இல், கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகளில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த விளையாட்டு எது என்று விளையாடுபவர்களையே ஓட்டுப் போடச் சொன்னபோது டார்க் சோல்ஸைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயிக்கவே முடியாத ஒன்றுக்கு இத்தனை பேர் ஓட்டுப் போட மாட்டார்கள்.

சரி, எங்கள் கிளப் ஹவுஸில் நடந்ததைச் சொல்கிறேன். மொத்தம் ஐந்தாறு பேர். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிப்பவர்கள், முதல் வருடக் கல்லூரிப் பெண் ஒருத்தி, அப்புறம் கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனின் மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். கன்ட்ரோலர் ஒன்றுதான். அதனால் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: செத்தால் கன்ட்ரோலர் அடுத்தவர் கைக்குப் போகும். நான் வேலை முடிந்து வந்து ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். “அங்கிள், எதுவும் சொல்லாதீங்க” என்று முன்கூட்டியே எச்சரித்துவிடுவார்கள்.

முதல் பெரிய அறையிலேயே கையில் ஒடிந்த வாளின் பிடி மட்டும் இருக்கும்போது யானை மாதிரி ஒரு அரக்கன் மேலிருந்து குதிக்கிறான். அடித்துப் பார்த்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாரும் செத்தார்கள். கடைசியில் அந்தப் பெண்தான் இடது பக்கம் திறந்திருக்கும் கதவைப் பார்த்தாள். சண்டை போடவே வேண்டாம், ஓடிவிடலாம். உள்ளே போய் ஆயுதம் எடுத்துக்கொண்டு, மாடிக்கு ஏறி, அவன் தலைமேலேயே குதித்துக் குத்தினால் உயிரில் நல்ல பங்கு ஒரே அடியில் போய்விடுகிறது. இந்த விளையாட்டு அடுத்த ஐம்பது அறுபது மணி நேரத்துக்குச் சொல்லித் தரப்போகிற பாடம் முழுக்க அங்கேயே இருக்கிறது. சுற்றிப் பார். எதிராளி கையை ஓங்கும் விதத்தைப் பார். முடியாதபோது விலகு, வேறு வழியில் வா.

சண்டையின் கணக்கும் நேர்மையானது. அடிப்பது, கேடயத்தில் தடுப்பது, உருள்வது, ஓடுவது எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கோட்டிலிருந்துதான் தெம்பு செலவாகும். வாளை ஓங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. ஓங்கியதற்கு நீங்களே பொறுப்பு. பிளஸ் டூ பையன் ஒருவனுக்கு இரும்புக் கவசம் முழுவதும் மாட்டிக்கொண்டால்தான் திருப்தி. பார்க்க ராஜா மாதிரி இருப்பான், உருளச் சொன்னால் மூட்டை விழுந்த மாதிரி தொப்பென்று விழுந்து எழுவதற்குள் அடி வாங்கிவிடுவான். தாங்கும் எடையில் கால் பங்குக்குள் இருந்தால் சட்டென்று உருளலாம், பாதியைத் தாண்டினால் இந்தக் கதிதான். அதை யாரோ எங்கிருந்தோ தேடிக் கண்டுபிடித்தார்கள். அடுத்த நாள் மேலே கவசம் இல்லாமல், கையில் கேடயத்தோடு மட்டும் போய் நின்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்தைத் தாண்டியது அவன்தான்.

நான் மறக்காத ஒரு சாயங்காலம் உண்டு. கோட்டைச் சுவர், பாலம், பன்றி, தேவாலயம் என்று வழி நெடுக அடி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எஸ்டஸ் குடுவையில் மருந்து தீர்ந்துவிட்டது. கையில் சேர்ந்த சோல்கள் நிறைய. அங்கே சோல்தான் காசு, சோல்தான் அனுபவம். செத்தால் விழுந்த இடத்தில் கிடக்கும், மறுபடி அங்கே போய் எடுப்பதற்குள் இன்னொரு தடவை செத்தால் அவ்வளவுதான், போச்சு. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேவாலயத்தின் பக்கவாட்டில் ஒரு லிஃப்ட். ஏறினான் இஸ்திரி அண்ணன் மகன். அது கீழே இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. கதவைத் தாண்டி வெளியே வந்தால் பழைய மரம், இடிந்த சுவர், நடுவில் சாம்பல் குவியலில் சொருகிய வாள். “டேய், இது நம்ம எடம்டா!” என்று அவன் போட்ட சத்தம் சி பிளாக் வரைக்கும் கேட்டிருக்கும். பல நாள் முன்னால் கிளம்பிய அதே ஃபயர்லிங்க் ஷ்ரைன். உலகம் நீள நீளமாகப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்திருந்தவர்களுக்கு அது வளைந்து வந்து தன்னோடு தானே ஒட்டிக்கொள்வது தெரிந்தது. அன்றைக்கே அவன் பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வரைபடம் போடத் தொடங்கினான், ஏனென்றால் இந்த விளையாட்டு கையில் வரைபடம் எதுவும் தருவதில்லை. பாதி விளையாட்டு தாண்டும் வரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் வசதியும் கிடையாது. எல்லா வழியும் தலைக்குள்தான் இருந்தாக வேண்டும். அந்தக் காலண்டர் தாள் கிளப் ஹவுஸ் சுவரில் ஒட்டியிருந்தது. அதையும் கிழித்துவிட்டீர்கள்.

இதை நீங்கள் விரக்தி என்று எழுதியிருக்கிறீர்கள்.

இனி உண்மையான குறைகள். உங்களுக்காக நானே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் புகழ்ந்து மட்டும் பேசுகிறவர்கள் பேச்சை நானே நம்ப மாட்டேன்.

இந்த விளையாட்டு சொல்லித் தர வேண்டியதைக்கூடச் சொல்லித் தருவதில்லை. கஷ்டமாக இருப்பது வேறு, விஷயத்தை மறைப்பது வேறு. சோல்களைச் செலவழித்து நம் ஆளின் தகுதிகளைப் புள்ளி புள்ளியாகக் கூட்டலாம். அதில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்று ஒரு தகுதி இருக்கிறது. அதில் புள்ளி போட்டால் ஏறக்குறைய வீண்தான் என்பது விளையாடும் உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாமல் போட்டுவிட்டால் திருப்பி எடுக்க வழியே இல்லை. பிளஸ் ஒன் பையன் அதில்தான் சேர்த்து வைத்த சோல்களை எல்லாம் கொட்டினான். ‘ஹ்யூமானிட்டி’ என்ற பொருள் எதற்கு, எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதற்கும் சரியான விளக்கம் கிடையாது. சாக்கடைப் பகுதியில் பேசிலிஸ்க் என்ற தவளை மாதிரி ஒன்று ஊதும் புகையில் மாட்டினால் சாபம் பிடித்து மொத்த உயிரே பாதியாகிவிடும். மருந்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அந்தப் பாதி உயிரோடுதான் திரிய வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அது தண்டனை மாதிரி.

கேமரா இன்னொரு தலைவலி. காப்ரா டீமன் என்று ஒருவன், நம் சமையலறை அளவு இடத்தில், இரண்டு நாய்களோடு நிற்கிறான். கதவு திறந்ததும் மூன்றும் மேலே பாய்கின்றன. ஆளைக் குறிவைத்துப் பூட்டினால் கேமரா சுவருக்குள் போய்விடுகிறது, திரையில் செங்கல் தெரிகிறது, செத்தாயிற்று. அங்கே பிள்ளைகள் தோற்றது அந்த அரக்கனிடம் இல்லை, கேமராவிடம். ஓடுவதற்கும் உருள்வதற்கும் குதிப்பதற்கும் ஒரே வட்டப் பொத்தான் என்பதும் அப்படித்தான். ஓடிக்கொண்டே விட்டு அழுத்த வேண்டும். தேய்ந்த ஸ்டிக்கோடு அதைச் செய்து பாருங்கள்.

பிற்பாதி தேய்கிறது. இதை அதன் தீவிர ரசிகர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அனோர் லோண்டோ என்ற கடவுளர் நகரம் வரை ஒவ்வொரு இடமும் செதுக்கிய மாதிரி. அதற்குப் பிறகு லாஸ்ட் இசாலித் என்ற எரிமலைப் பகுதிக்குப் போனால் கண் கூசும் சிவப்பு, அதில் டிராகனின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி மட்டும் நடக்கிற மாதிரி ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் அறையில் குதித்த அதே அரக்கன் உருவம் வேறு பெயரில், வேறு நிறத்தில் பிற்பாடு இரண்டு தடவை வருகிறது. அந்தப் பகுதியின் முடிவில் இருக்கும் ‘பெட் ஆஃப் கேயாஸ்’ சண்டையே இல்லை, அதிர்ஷ்டம். தரை இடிந்து விழும், பெரிய கை துடைத்துக் குழிக்குள் தள்ளும், நாம் செய்ய வேண்டியதெல்லாம் சரியாகக் குதிப்பது. செத்துத் திரும்பி வந்தாலும் ஏற்கெனவே உடைத்த பக்கங்கள் உடைந்தே இருக்கும். செய்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தொழில்நுட்பத்திலும் இதன் வரலாறு சுத்தமில்லை. முதல் வடிவத்தில் பிளைட்டவுன் என்ற சேற்றுப் பகுதிக்குப் போனால் படம் திக்கித் திக்கி நகரும். கம்ப்யூட்டரிலும் வேண்டும் என்று விளையாடுகிறவர்கள் இணையத்தில் மனுப் போட்டு, பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். 2012-இல் கம்பெனி இறங்கி வந்தது. ஆனால் வந்த வடிவம் மங்கலான படத்தோடு, வினாடிக்கு 30 ஃப்ரேமுக்கு மேல் போகாமல் இருந்தது. அந்த மங்கலைச் சரிசெய்யும் திருத்தத்தை ரசிகர் ஒருவர்தான் உடனே எழுதிக் கொடுத்தார், கம்பெனி இல்லை. நம்மிடம் இருப்பது 2018-இல் வந்த மறுவடிவம், 60 ஃப்ரேமில் ஓடுகிறது, பிளைட்டவுனும் சிரமமில்லாமல் போகிறது. ஆனால் மேலே சொன்ன வடிவமைப்புக் குறைகளில் கைவைக்கவே இல்லை.

அப்புறம், இதில் நிறுத்தி வைக்கும் பொத்தான் கிடையாது. அம்மா கூப்பிட்டாலும், வீட்டுக்கு சிலிண்டர் வந்தாலும் விளையாட்டு நிற்காது. எளிய நிலை என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. கை விரல்கள் வேகமாக ஓடாதவர்களுக்கு இது பெரிய தடை. என் அக்கா மகனுக்கு ஒரு கையில் பலம் குறைவு. விடுமுறைக்கு வந்தவன் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு வைத்துவிட்டான். அவனுக்கு இந்த விளையாட்டில் பதில் எதுவும் இல்லை, என்னிடமும் இல்லை. சூரியனைக் கும்பிடும் சொலேர் போன்ற துணைவர்களைச் சில இடங்களில் உதவிக்கு அழைக்கலாம், அது ஓரளவுக்குத்தான். உண்மையான மனிதர்களை இணையத்தில் அழைக்க வேண்டுமானால் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும், நம் கிளப் ஹவுஸில் அது கிடையாது. அந்த உதவி எங்கிருந்து வந்த யோசனை என்பதை மியாசாகி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பனியில் ஒரு மேட்டில் கார்கள் சறுக்கி நின்றபோது பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்த காரைத் தள்ளி ஏற்றினார்கள், யாரும் யாருக்கும் நன்றி சொல்ல நிற்கவில்லை. மழையில் துரைசாமி சப்வேயில் நின்றுபோன ஆட்டோவைத் தள்ளிவிட்டுத் தன் வழியே போனவர்களுக்கு இது புரியும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதியே கிடைக்காமல் போனது எனக்கு வருத்தம்தான்.

மொழி. தமிழ் கிடையாது. இருக்கும் ஆங்கிலமும் பழங்கால ஆங்கிலம், எழுத்தும் பொடி. கதையை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. ஒரு மோதிரம், ஒரு வாள், ஒரு பழைய துணி என்று கிடைக்கும் ஒவ்வொரு பொருளின் குறிப்பிலும் இரண்டு மூன்று வரி இருக்கும். பாலிடெக்னிக் பையன் தமிழ் வழியில் படித்தவன். அவன்தான் அதை எழுத்துக்கூட்டி வாசிப்பான். பாதி புரியும், மீதியை எல்லாரும் சேர்ந்து ஊகிப்பார்கள். ஆர்டோரியஸ் என்ற வீரனின் கல்லறையைக் காவல் காக்கும் பெரிய ஓநாயோடு சண்டை. உயிர் குறையக் குறைய அது நொண்டத் தொடங்குகிறது. யார் அந்த வீரன், இது ஏன் இங்கேயே கிடக்கிறது என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. அடிக்க மாட்டேன் என்று அந்தப் பெண் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். ரத்தம், வன்முறை என்று நீங்கள் எழுதிய விளையாட்டில்தான் இது நடந்தது.

மியாசாகி வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. சின்ன வயதில் நூலகத்திலிருந்து தன் வயதுக்கு மீறிய புத்தகங்களை எடுத்துவந்து படித்ததாகவும், புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறார். இந்த விளையாட்டு கதையைத் துண்டு துண்டாகத் தருவது அதிலிருந்து வந்ததுதான். மொழி இல்லாததை நான் குறையாகவே எழுதுவேன், தமிழில் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். ஆனாலும் நம் கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி நிழலில் உட்கார்ந்து பாடப்புத்தகம் படிக்கும் பையன், பாதி புரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அந்த உலகத்தை மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அறிவிப்பின் கடைசி வரியில் ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்று புதிதாகச் சேர்த்திருக்கிறீர்கள். விளையாட்டுக்கும் அந்த வரிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் சிலருக்குத் தெரியும். அதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

அழித்த கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் “மறுபடி டிஸ்க்கைப் போட்டு முதலிலிருந்து விளையாடட்டுமே” என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மற்ற விளையாட்டுகளில் நாமாகப் பல இடங்களில் சேமித்து வைக்கலாம், பின்னால் போய்த் தொடரலாம். இதில் ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரே பதிவுதான். விளையாட்டு தானாகவே நொடிக்கு நொடி அதன்மேல் எழுதிக்கொண்டே போகும். செத்தது, இழந்தது, திறந்த கதவு, அடித்த மணி எல்லாம் அதில்தான். பிளேஸ்டேஷன் 4-இல் யூசர் கணக்கை நீக்கினால் அந்தக் கருவியில் இருக்கும் அவர்களுடைய பதிவுகளும் சேர்ந்தே போய்விடும். நீக்கும்போது திரையில் எச்சரிக்கையும் வரும். அதைப் படித்துவிட்டு யாரோ ‘ஆம்’ என்று அழுத்தியிருக்கிறார்கள். அனோர் லோண்டோவில் ஆர்ன்ஸ்டீன், ஸ்மௌ என்று சேர்ந்தே சண்டைக்கு வரும் இருவரையும் பிள்ளைகள் அப்போதுதான் வீழ்த்தி முடித்திருந்தார்கள். ஒருவனை முடித்தால் மற்றவன் அவன் பலத்தையும் எடுத்துக்கொண்டு முழு உயிரோடு எழுவான். விளையாட்டின் பெரிய மதில் அதுதான் என்பார்கள். யாராலும் ஜெயிக்க முடியாது என்று நீங்கள் எழுதியது அதற்கு அடுத்த வாரம்.

கேட்பது இவைதான். டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்து வெளியில் வையுங்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டார்க் சோல்ஸ் இல்லை என்று தாராளமாக எழுதி ஒட்டுங்கள். அதே தாளில் ஜிடிஏ 5-க்கு 18 என்றும் எழுதுங்கள், அந்த டிஸ்க்கை வேண்டுமானால் அலமாரியில் வையுங்கள். விளையாடும் நேரம் பற்றிக் கவலை என்றால் ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று வரையறை வையுங்கள், பிள்ளைகள் ஒத்துக்கொள்கிறார்கள், நான் கேட்டுவிட்டேன். இந்த விளையாட்டில் மெனுவிலிருந்து முறையாக வெளியேறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதால் ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பதிலும் சிக்கல் இல்லை.

கணக்கை அழிக்கச் சொன்னது யார், யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்பதை அடுத்த செயற்குழுக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளிடம் செயலாளர் சார் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இனிமேல் கிளப் ஹவுஸ் கருவியில் எதை நீக்குவதாக இருந்தாலும் ஒரு வாரம் முன்னால் அறிவிப்புப் போட வேண்டும். பதிவுகளைப் பென் டிரைவில் நகல் எடுத்து வைக்க பிளேஸ்டேஷன் 4-இல் வசதி இருக்கிறது. பென் டிரைவ் நான் தருகிறேன், மாதம் ஒரு தடவை நகல் எடுக்கும் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். புதிய கன்ட்ரோலர் ஒன்றை விளையாட்டு நிதியிலிருந்து வாங்குங்கள். பொங்கல் போட்டிக்கு வசூலித்த நுழைவுக் கட்டணத்தில் மீதி இருப்பதாகப் பொருளாளர் மேடம் கணக்கிலேயே காட்டியிருக்கிறார்.

‘வெளியாட்கள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். நம் குடியிருப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், குடியிருப்போர் ஒருவரின் பொறுப்பில் வரலாம் என்ற பழைய விதி போதும். அந்தப் பையனுக்கு நான் பொறுப்பு. கையெழுத்துப் போட்ட கடிதம் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், ரசீது வாங்கியிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டும். பி, சி பிளாக்குகளில் இருந்து கையெழுத்திட்டவர்களின் பட்டியல் இணைப்பில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் செயற்குழுவில் யாராவது ஒருவர் கிளப் ஹவுஸுக்கு வந்து அந்த முதல் அறையையாவது விளையாடிப் பார்க்க வேண்டும் என்பதும் என் கோரிக்கைதான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் நான் அங்கே இருப்பேன். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர்